பொய்ப் பொன்மொழிகளால் ஒரு பொய்யை உடைத்தவர்

1879ஆம் ஆண்டு பாரிஸ் நகரம். அங்கே தங்கியிருந்த அமெரிக்க ஓவியர்களும் எழுத்தாளர்களும் ‘ஸ்டமக் கிளப்’ என்ற பெயரில் கூடி, விருந்துண்டு பேசி மகிழ்வது வழக்கம். ஒருநாள் அந்தக் கூட்டத்தில் பேச எழுந்தார் மார்க் ட்வைன். ‘டாம் சாயர்’ நாவல் வெளிவந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சிறுவர்களுக்குப் பிடித்த அந்த எழுத்தாளர் அன்று எடுத்துக்கொண்ட தலைப்பு, சுயஇன்பம்.

பழைய நூல்களை மேற்கோள் காட்டிப் பிரசங்கம் செய்வார்களே, அதே பாணியில் பேசினார் ட்வைன். ஹோமர் ‘இலியட்’ காவியத்தில் இதைப் பற்றிப் பாடியிருக்கிறார் என்றார். ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்புகளில் எழுதியிருக்கிறார் என்றார். எலிசபெத் அரசி, மைக்கேலாஞ்சலோ, பெஞ்சமின் பிராங்க்ளின் எல்லோரும் வந்தார்கள். தனித்தீவில் கிடந்த ராபின்சன் குரூசோவைக்கூட அவர் விடவில்லை. ஆளுக்கொரு பொன்மொழி. அத்தனையும் ட்வைன் இட்டுக்கட்டியவை.

வெறும் கும்மாளத்துக்காகச் சொன்ன ஆபாசம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. சுயஇன்பம் கேடு என்ற பயத்தைத்தான் அவர் கேலி செய்தார். அந்தப் பயமும் இப்படி இட்டுக்கட்டிய சான்றுகளின் மேல்தான் நின்றது. பைபிளில் வரும் ஓனான், இறந்துபோன அண்ணனின் மனைவிக்கு வாரிசு தர மறுத்தவன். அவன் கதையைச் சுயஇன்பத்துக்குக் கடவுள் தந்த தண்டனையாக மாற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ‘ஓனானியா’ என்றொரு புத்தகம் வந்தது. எழுதியவர் பெயரில்லை, ஆனால் பயந்தவர்களுக்கு வாங்கிச் சாப்பிட மருந்து விளம்பரம் இருந்தது. 1760இல் சுவிஸ் மருத்துவர் டிஸோ, ஒரு அவுன்ஸ் விந்து போவது நாற்பது அவுன்ஸ் ரத்தம் போவதைவிடக் கேடு என்று பிரெஞ்சில் எழுதினார். ஐரோப்பாவே நம்பியது. அமெரிக்காவில் டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக் ஒருபடி மேலே போனார். சிறுவர்களுக்கு மயக்கமருந்து கொடுக்காமல் முன்தோலை வெட்டச் சொன்னார்.

இந்த மருத்துவர்கள் முகவாட்டம், குழிவிழுந்த கண், ஞாபகமறதி என்று அறிகுறிகளைப் பட்டியல் போட்டார்கள். ட்வைனும் ஒரு பட்டியல் போட்டார். நன்றாகச் சாப்பிடுவது, குடிப்பது, புகைப்பது, நண்பர்களோடு கூடிச் சிரிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாகப் படம் வரையத் துடிப்பது. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஓவியர்கள்! யாருக்கும் பொருந்தும் அறிகுறிகளை வைத்து யாரையும் நோயாளியாக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆராய்ச்சிக் கட்டுரையும் சொல்லிவிட முடியாது.

ட்வைன் உயிரோடிருந்தவரை இந்தப் பேச்சு பொதுவில் அச்சேறவில்லை. அறிவியல் வந்துசேரவும் நாளாயிற்று. 1948இல் ஆல்ஃபிரட் கின்சி வெளியிட்ட ஆய்வில் 92 சதவீத ஆண்கள் சுயஇன்பம் அனுபவித்ததாகச் சொன்னார்கள். 1953 ஆய்வில் 62 சதவீதப் பெண்கள். ஆனாலும் 1994 டிசம்பரில், பள்ளிப் பாடத்தில் இதற்கும் இடம் தரலாம் என்ற பொருளில் பேசியதற்காக, அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி ஜாய்சலின் எல்டர்ஸ் பதவி இழந்தார்.

நம் ஊரிலும் இந்தப் பயம் தீரவில்லை. டிஸோ சொன்ன நாற்பது அவுன்ஸ் கணக்கைப் போலவே, இங்கே “நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து” என்று பையன்கள் காதில் ஓதப்படுகிறது. விந்து போனால் உடம்பு போச்சு என்று கலங்கி மருத்துவமனைக்கு வருபவர்களின் நிலைக்கு, மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தார். ‘கைப்பழக்கத்தால் நரம்புத்தளர்ச்சியா?’ என்று கேட்கும் லாட்ஜ் வைத்தியர்களின் முதலீடு அந்தக் கலக்கம்தான். பயத்தைச் சிரிப்பால் கரைத்தவர் நம்மிடமும் உண்டு. ‘புதிரா புனிதமா’ தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டாக்டர் மாத்ருபூதம் நகைச்சுவையோடு பதில் சொன்னபோது, பல வீடுகளில் முதல்முறையாக இந்த விஷயம் கூடத்தில் ஒலித்தது.

பெற்றோரே, பதின்வயதில் இருக்கும் உங்கள் மகனிடமும் மகளிடமும் இது நோயில்லை, பாவமில்லை, ரத்தம் குறையாது என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். படிப்பையும் தூக்கத்தையும் கெடுக்கும் அளவுக்குப் போனால் முறையாகப் படித்த மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். லாட்ஜ் வாசலுக்கு அவர்களைத் தனியே அனுப்பிவிடாதீர்கள்.