சடை வளர்ப்பவருக்கும் சடை விழுந்தவருக்கும்

நெய்வேலியில் சடைமுடி பற்றி என்னிடம் வரும் கேள்விகள் இரண்டு வகை. நகரியத்துப் பிள்ளைகள், "தேன்மெழுகு தேய்ச்சா சீக்கிரம் பிடிக்குமா, கத்தாழை போட்டாலே போதுமா?" என்று கேட்கிறார்கள். மந்தாரக்குப்பம் பக்கமிருந்து வரும் பெண்கள் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்குச் சடை விழுந்துடுச்சு, வெட்டினா சாமி குத்தம் ஆயிடுமா?" என்கிறார்கள். ஒன்று ஆசையில் பிறந்த கேள்வி, மற்றது பயத்தில் பிறந்தது. இருவருமே ஏமாற்றப்படுகிறார்கள் என்பதால்தான் இரண்டையும் ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் சடை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு முடியின் மேலும் ஓடு வேய்ந்த கூரைபோல நுண்ணிய செதில்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வறட்சி, கடுமையான சோப்பு, ஈரத்தோடு போட்டுத் தேய்ப்பது ஆகியவை இந்தச் செதில்களைத் தூக்கிவிடும். தூக்கிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். ஆட்டு மயிர் கம்பளியாக இறுகுவதும் இப்படித்தான். நம் தலையிலிருந்து நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்கிறது. சீப்பு படாத தலையில் அவையும் வெளியேறாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. பிரசவத்துக்குப் பின்னும், நீண்ட காய்ச்சலிலும், மனம் சோர்ந்து கிடக்கும் மாதங்களிலும் தலை வாராமல் போவது சகஜம். "ராத்திரியோட ராத்திரியா சடை விழுந்துடுச்சு" என்று சொல்லப்படும் பல கதைகளின் பின்னால் இப்படி ஒரு நோய்க்காலம் இருக்கும்.

சில நேரம் ஒரே குளியலிலும் முடி இறுகிப்போகும். 2017இல் முடியியல் மருத்துவ இதழ் ஒன்றில் இந்திய மருத்துவர்கள் 20 வயதுப் பெண் ஒருவரைப் பற்றி எழுதினார்கள். விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தடவித் தலைக்குக் குளித்ததும் அவருடைய நீண்ட கூந்தல் பறவைக் கூடுபோல இறுகிவிட்டது. பிரித்தெடுக்க முடியாமல் வெட்ட வேண்டியதாயிற்று. விளக்கெண்ணெயை நாம் பிறந்த குழந்தைக்கும் தடவுகிறோம், அது முழுக்க இயற்கைப் பொருள். என்றாலும் அதன் பிசுபிசுப்பு நீண்ட முடியில் அந்த வேலையைச் செய்துவிட்டது.

விரும்பிச் சடை வளர்ப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களுக்கென்று இன்று அதிகம் விற்கப்படுவது தேன்மெழுகு. அது உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அவ்வளவு சூடான வெந்நீரைத் தலை பொறுக்காது. அதனால் உள்ளே போன மெழுகு வெளியே வராது. வெளியே வராத மெழுகில் தூசி ஒட்டும். சுரங்கமும் அனல்மின் நிலையமும் உள்ள ஊரில் அந்தத் தூசி எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தேன்மெழுகு வேண்டவே வேண்டாம் என்பதே என் கருத்து.

அரப்பும் சீயக்காயும் நல்லவைதான். ஆனால் தூளாகக் குழைத்து அப்பினால் சடைக்குள் புகுந்த திப்பி அங்கேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பூந்திக்கொட்டையையோ சீயக்காயையோ கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, அந்த நீரை மட்டும் ஊற்றி அலசுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கற்றாழைச் சோறும் செம்பருத்திக் கொழகொழப்பும் வேர்ப்பகுதியில் கொஞ்சமாகத் தடவலாம், தடவிய அன்றே அலசிவிட வேண்டும். உப்புநீர் முடியை வறட்சியாக்கிச் சிக்கை வேகப்படுத்தும் என்பது உண்மை. அதே வறட்சி முடியை ஒடியவும் வைக்கும். எலுமிச்சைச் சாறு தலையில் இருக்கும்போது கத்திரி வெயில் பட்டால் தோல் கொப்பளித்துக் கருத்துப்போகும். சில நிமிடத்தில் கருக்கும் "கருப்பு மருதாணி"யை இயற்கை என்று நம்பாதீர்கள். மருதாணி இலை தரும் நிறம் செம்பழுப்பு மட்டுமே. அந்தக் கருப்பு, பிபிடி என்ற சாய வேதிப்பொருளால் வருவது. அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது உலர்ந்த தலை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் துணியே காயாது. தடித்த சடை எப்படிக் காயும்? காலையில் குளியுங்கள், பிழிந்து, வெயிலிலோ மின்விசிறியின் கீழோ முழுக்க உலர்த்துங்கள், ஈரத்தோடு கட்டாதீர்கள். மாதம் ஒரு முறைக்கு மேல் வேரைப் பிடித்து முறுக்காதீர்கள். நெற்றியோரம் முடி மெலிந்தால் இழுவை அதிகம் என்று பொருள். அப்போதே தளர்த்தினால் முடி மீளும். வருடக்கணக்கில் விட்டால் அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடும். குழந்தையின் தலையில் வட்டமாக முடி கொட்டிச் செதில் எழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். மேலே பூசும் எந்த மூலிகையும், எந்தக் களிம்பும் தனியாக அதைக் குணப்படுத்தாது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும். சிதம்பரத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் மருத்துவப் பிரிவு இருக்கிறது.

சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தொங்கும் சடை ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் உயிருக்கு ஆபத்து. திரட்டிக் கட்டிய சடையின் மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது.

இனி வாங்கும் பொருள். "இயற்கை" என்று புட்டியில் அச்சிட்டிருப்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. அழகுப்பொருள் எதுவானாலும் தயாரிப்பவரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, சேர்மானங்கள் ஆகியவை லேபிளில் இருக்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் அழகுப்பொருள் விதிகள். உரிமம் இல்லாமல் தயாரித்து விற்பதே 1940ஆம் ஆண்டின் மருந்து, அழகுப்பொருள் சட்டப்படி குற்றம். இன்ஸ்டாகிராமில் வீட்டுத் தயாரிப்பு என்று விற்பவர்களுக்கும் இது பொருந்தும். வழுக்கையைக் குணப்படுத்துவதாக எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்று மருந்து விதிகளின் ஜே அட்டவணை சொல்கிறது. எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பாருங்கள். ரசீதையும் புட்டியையும் தூக்கிப்போடாதீர்கள். தலை புண்ணானால் புகைப்படம் எடுங்கள், மருத்துவரின் கருத்தை எழுத்தில் வாங்குங்கள். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நெய்வேலிக்காரர் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு ஆண்டு.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி. சிவனைச் சடையோடு கும்பிட்டு வளர்ந்த மண் இது. சடையைப் புனிதமாக நினைப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மானுடவியலாளர் கணநாத் ஒபயசேகர 1981இல் வெளியிட்ட நூல், இலங்கையின் கதிர்காமத்தில் சடை தரித்த பக்தைகளின் வாழ்க்கையை மரியாதையோடுதான் ஆராய்ந்தது. அந்தப் பெண்களில் பலருக்குத் துயரத்திலிருந்து எழுந்து நிற்க அந்தச் சடை துணையாக இருந்தது. ஆனால் மகாராஷ்டிரத்திலும் வட கர்நாடகத்திலும் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தார்கள். சிறுமியின் தலையில் சடை விழுந்தால் எல்லம்மா தெய்வம் கேட்கிறாள் என்று சொல்லி அவளைத் தேவதாசியாகப் பொட்டுக்கட்டிவிட்டார்கள். கழுத்து வலியோடும் பேனோடும் புண்ணோடும் பெண்கள் பல ஆண்டு அதைச் சுமந்தார்கள். நரேந்திர தாபோல்கர் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தினர் அந்தப் பெண்களிடம் பொறுமையாகப் பேசி, சம்மதம் வாங்கி, சடையை வெட்டி விடுவித்து வருகிறார்கள். தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கைக்கு எதிராக அவர் கேட்டுக்கொண்டிருந்த சட்டம் அந்த ஆண்டே மகாராஷ்டிரத்தில் வந்தது.

தமிழ்நாட்டில் பொட்டுக்கட்டுவது 1947இலேயே தடைசெய்யப்பட்டது. "வெட்டினால் அம்மன் விடமாட்டாள்" என்று மிரட்டிப் பரிகாரத்துக்குப் பணம் வாங்குபவர்களுக்கும் சட்டம் இருக்கிறது. தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று நம்பவைத்து, ஒருவர் தமக்கு உரிமையுள்ளதைச் செய்யவிடாமல் தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 354ஆம் பிரிவின்படி குற்றம், ஓராண்டு வரை சிறை. தன் முடியை வெட்டிக்கொள்வது அப்படியான உரிமைதான். ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் 318ஆம் பிரிவில் மோசடிப் புகார் கொடுக்கலாம்.

அதே உரிமை மறுபக்கமும் நிற்கிறது. சடை வேண்டும் என்பவரின் சடையை வலுக்கட்டாயமாக யாரும் வெட்டக்கூடாது. பட்டியல் சாதி, பழங்குடியினரின் தலையைக் கட்டாயமாக மழிப்பது 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக்குற்றம். பள்ளியில் ஒழுங்கு என்ற பெயரில் மாணவனின் முடியைக் கத்தரித்து அவமானப்படுத்தினால், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடைசெய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். உதவிக்கு அழைக்கக் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு, அதற்கு 15100.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ சடை விழுந்த ஓர் அம்மா இருந்தால் கத்தரிக்கோலோடு போகாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "வலிக்குதாம்மா? உங்களுக்கு இது வேணுமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்று அவரே சொன்னால், மருத்துவமனைக்குக் கூடப் போங்கள்.