தீக்கனவும் அதை மாற்றும் வழியும்

நள்ளிரவில் குழந்தை வீறிட்டு அலறுகிறது. தாய் திருநீற்றை எடுத்து அதன் நெற்றியில் பூசுகிறாள். பாட்டி, “எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறாள். விடியுமுன் வேலைக்கு எழவேண்டிய தந்தையோ, தூக்கம் கெட்ட கோபத்தில் ஓர் அடி கொடுக்கிறார். திருநீற்றாலும் உப்பாலும் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அருகில் ஆள் இருக்கிறது என்ற ஆறுதலையாவது அவை தரும். கெடுதல் செய்வது அந்த அடிதான். அதன்பின் குழந்தை கனவுக்கு மட்டுமன்றி, படுக்கைக்கே அஞ்சத் தொடங்கும்.

கனவை வருவதுரைக்கும் குறியாகக் கொள்வது பழைய வழக்கம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தான் கண்ட தீக்கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். பின்னர்ப் பாண்டிமாதேவியும் தீக்கனவு காண்கிறாள். காப்பியத்துக்கு அஃது அழகு. வீட்டில் அலறும் குழந்தையின் கனவுக்குக் காரணத்தை அதன் தூக்கத்திலேயே தேட வேண்டும்.

தூக்கம் இரவு முழுவதும் ஒரே தன்மையதன்று. 1953இல் சிக்காகோ பல்கலைக்கழகத்து யூஜின் அசரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும், தூங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் வேளைகள் உண்டென்று வெளியிட்டனர். அசரின்ஸ்கி தம் எட்டு வயது மகனையே படுக்கவைத்து ஆராய்ந்தார். அவ்வேளையில் எழுப்பப்பட்டவர்களுட் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினர். இத்தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. முதற்சுற்றில் சில நிமிடமே நிற்கும். விடியலை நெருங்க நெருங்க நீளும். ஆதலால் நீண்ட கனவுகள் விடியற்காலையில் வருகின்றன. உடனே விழித்துவிடுவதால் நினைவிலும் தங்குகின்றன. ‘விடியற்காலைக் கனவு பலிக்கும்’ என்ற நம்பிக்கை வேரூன்ற இதுவும் ஒரு காரணமாகலாம்.

அப்போது மூளையில் உணர்ச்சியை எழுப்பும் பகுதிகள் மும்முரமாக வேலை செய்கின்றன. ஆய்ந்து பார்க்கும் முன்பகுதி ஓய்ந்திருக்கிறது. பொருந்தாதவை பொருந்துவதுபோல் தோன்றுவது இதனாலேயே. கைகால் தசைகளும் கட்டுண்டு கிடக்கும். கட்டு அவிழுமுன் அறிவு மட்டும் விழித்துக்கொண்டால், மார்பில் யாரோ ஏறி அமர்ந்ததுபோல் இருக்கும். தமிழர் ‘அமுக்குவான் பேய்’ என்பதும், அண்டைவீட்டு மலாய்க்காரர் ஹந்து அழுத்தியதென்பதும் இந்நிலையைத்தான். சிறிது நேரத்தில் தானே நீங்கிவிடும்.

கனவு எதற்காக என்பதில் அறிஞர் இன்னும் ஒருமுகப்படவில்லை. அடக்கிய ஆசை என்றார் பிராய்டு. மூளைத்தண்டில் எழும் கிளர்ச்சிக்கு மூளை கட்டும் கதை என்றனர் ஹாப்சனும் மெக்கார்லியும், 1977இல். ஆபத்தை எதிர்கொள்ள மனம் செய்யும் ஒத்திகை என்றார் பின்லாந்து நாட்டு ரெவன்சுவோ, 2000இல்.

பெற்றோர் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. தூங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் குழந்தை எழுந்து உட்கார்ந்து, கண் திறந்தபடி அலறி, தாயையும் அடையாளம் காணாவிட்டால், அது பெரும்பாலும் தீக்கனவன்று. ஆழ்ந்த தூக்கம் அரைகுறையாய்க் கலைந்த நிலை. உலுக்கி எழுப்ப வேண்டா. விழுந்துவிடாமல் காத்தால் போதும். காலையில் அதற்கு ஒன்றும் நினைவிராது. தீக்கனவோ பின்னிரவில் வரும். குழந்தை முழுதும் விழித்துக்கொள்ளும், கண்டதைச் சொல்லும், திரும்பத் தூங்க மறுக்கும். அதற்குத்தான் ஆறுதலும் விளக்கொளியும் தேவை.

அடிக்கடி வரும் தீக்கனவை மாற்ற இயலுமா? இதில் மலாயாவுக்கும் தொடர்புடைய கதை ஒன்று உண்டு. கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் 1951இல் எழுதிய கட்டுரையில், இந்நாட்டுக் காடுகளில் வாழும் செனோய் மக்கள் காலை உணவின்போது பிள்ளைகளின் கனவுகளைக் கேட்டு, கனவுப் பகைவனை எதிர்த்து நிற்கப் பயிற்றுகின்றனர் என்றார். அமெரிக்காவில் அது பெரும்புகழ் பெற்றது. ஆனால் அம்மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தவர்கள் அத்தகைய பயிற்சியைக் காணவில்லை. டோம்ஹாப் என்பவர் 1985இல் நூலொன்றில் இதை விளக்கினார். செனோய்களுள் தெமியார் மக்கள் கனவைப் பெரிதும் மதிப்பதும், பாடல்களைக் கனவிற் பெறுவதும் உண்மை. எஞ்சியவை ஸ்டூவர்ட்டின் கற்பனை எனலாம்.

எனினும் கனவைப் பகலில் திருத்தும் முறை வேறு வழியில் உறுதிப்பட்டுள்ளது. கண்ட கனவைப் பகலில் எழுதி, அதன் போக்கை விரும்பியவாறு மாற்றி, மாற்றிய கதையை நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களிடம் இதனைச் சோதித்த கிராக்கோவும் குழுவினரும், தீக்கனவுகள் குறைந்தன என்று 2001இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டனர். பிள்ளைகளாயின் எழுதுவதற்குப் பதில் வரையலாம். ரப்பர்க் காட்டில் துரத்தும் கரிய நாயைப் பிள்ளை வரையட்டும். பிறகு கழுத்துப்பட்டி போடுவதோ, சோறு வைப்பதோ, எலியளவாகச் சிறுக்கச் செய்வதோ பிள்ளையின் விருப்பம். பெரியவர் முடிவைச் சொல்லிக்கொடுக்கலாகாது.

நேரங்கெட்ட தூக்கம், காய்ச்சல், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகள் ஆகியவையும் தீக்கனவைத் தூண்டும். மருந்தைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மது முன்னிரவில் கனவுத் தூக்கத்தை அடக்கும். பின்னிரவில் அது மிகுந்து வரும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தியபின் கொடுங்கனவோடு நடுக்கமும் பிதற்றலும் கண்டால் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். விபத்தையோ சாவையோ கண்ணாற் கண்ட பிள்ளைக்கு ஒரே கனவு வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை.