பிடிபட்ட நீர்மூழ்கி வீரர் சொல்வதை நம்பலாமா?

இரண்டாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி வீரர்களை, லண்டனுக்கு வெளியே லாட்டிமர் ஹவுஸ் போன்ற மாளிகைகளில் வைத்து பிரிட்டன் விசாரித்தது. அதிகாரியிடம் வாயைத் திறக்காதவர்கள்கூட அறைக்குத் திரும்பியதும், எதையெல்லாம் மறைத்தோம் என்று சக கைதியிடம் விலாவாரியாகச் சொல்வார்கள். ஒளித்துவைத்த மைக் அதைப் பிடித்துவிடும். விசாரணையே பாதி அந்தப் பேச்சைக் கிளப்பிவிடத்தான்!

அப்போ மைக்கில் விழுந்ததெல்லாம் உண்மையா? இல்லை. பீற்றல் உண்டு, காதில் விழுந்ததைக் கண்ணால் பார்த்ததுபோல் சொல்வதும் உண்டு. பலர் பேச்சையும் ஒப்பிட்டுத்தான் எடைபோட வேண்டியிருந்தது.

ஜெர்மனி ஏமாந்த கதை இன்னும் சுவாரஸ்யம். எதிரி விமானத்தின் ரேடாரை முன்கூட்டியே உணர, நீர்மூழ்கிகளில் 'மெட்டாக்ஸ்' என்ற கருவி இருந்தது. அந்தக் கருவியில் இருந்து கசியும் அலையை வைத்தே உங்களைக் கண்டுபிடிக்கிறோம் என்று 1943-ல் பிடிபட்ட பிரிட்டிஷ் விமானப்படை வீரர் ஒருவர் சொன்னார். ஜெர்மானியர்கள் சும்மா நம்பிவிடவில்லை, சோதித்தார்கள். நிஜமாகவே அலை கசிந்தது. உடனே கருவியை அணைக்க உத்தரவு பறந்தது.

உண்மையில் காட்டிக்கொடுத்தது, மெட்டாக்ஸால் உணரவே முடியாத 10 சென்டிமீட்டர் ரேடார். கருவியை அணைத்த பிறகும் நீர்மூழ்கிகள் மூழ்கிக்கொண்டேதான் இருந்தன.