ஐந்தாவது இடம் பெற்றுத் தந்த உலகக் கிண்ணம்

மோட்டார் சைக்கிள் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தோழர்களிடம் கேட்டால், வீட்டு வாசலுக்கு உணவு கொண்டுவந்து தருபவரின் வண்டி என்பார்கள். நான் ஜோகூர் பாருவில் தமிழ்ப்பள்ளியிலும், பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியிலும் படித்துவிட்டு, இப்போது இங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பவள். எனக்கு நினைவுக்கு வருவது விடியற்காலை நான்கரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் உறுமும் அப்பாவின் ‘காப்சாய்’ சத்தம்தான். பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கான மலேசியர்களில் அவரும் ஒருவர். மழைக்கோட்டு, கடப்பிதழ், அம்மா கட்டித் தரும் நாசி லெமாக் ஆகியவை அந்த வண்டியின் கூடையில் எப்போதும் இருக்கும். எனவே மோட்டார் பந்தயத்தைப் பற்றி நான் எழுத முன்வந்தபோது வீட்டில் யாருக்கும் வியப்பில்லை. அம்மாவுக்குக் கவலை மட்டும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. அன்று ஜப்பானின் மொடேகி பந்தயத் தடத்தில் ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ் இரண்டாவதாக வந்து, மோட்டோ ஜிபி எனப்படும் உச்சப் பிரிவில் தம் ஏழாவது உலகப் பட்டத்தை உறுதி செய்தார். எல்லாப் பிரிவுகளையும் சேர்த்தால் அது ஒன்பதாவது. 2020இல் அவருடைய வலக்கை எலும்பு முறிந்தது. அந்த ஒரு கைக்கே நான்கு அறுவை சிகிச்சைகள்! முந்தைய பட்டத்துக்கும் இதற்கும் இடையே 2,184 நாட்கள். அந்த ஆண்டில் அவர் தொடர்ந்து ஏழு சுற்றுகளில் சனிக்கிழமைக் குறும்பந்தயத்தையும் ஞாயிற்றுக்கிழமைப் பெரும்பந்தயத்தையும் வென்றிருந்தார். மலேசியப் பிள்ளைகளுக்கு செப்பாங் தடம் இருப்பதால் இந்த விளையாட்டில் ஒரு பைத்தியம் உண்டு. அன்று இரவு தேக்கா நிலையத்தில் பரோட்டாவும் தே தாரிக்குமாக நாங்கள் நான்கு பேர் ஒரு சிறு கொண்டாட்டமே நடத்தினோம்.

சாப்பிட்டு முடித்து ரேஸ் கோர்ஸ் சாலை வழியாக ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்துக்கு நடந்தோம். அந்தச் சாலையின் பெயருக்குக் காரணம், 1933 வரை அங்கே இருந்த குதிரைப் பந்தயத் திடல். “குதிரை மட்டுமா? சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிளும் பந்தயம் ஓடியிருக்கிறது” என்றான் ஒருவன். உண்மைதான். 1961 முதல் 1973 வரை, அப்பர் தாம்சன் சாலையைப் போக்குவரத்துக்கு அடைத்துவிட்டு, கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அந்தக் காட்டுப் பாதையில் பறந்தன. உயிரிழப்புகளும் நேர்ந்தன. இன்று பழைய அப்பர் தாம்சன் சாலையில் குரங்குகள்தாம் நடமாடுகின்றன.

பேச்சு அப்படியே நகர்ந்து, “சரி, நம்மாளுங்க யாராவது இதுல உலக அளவுல ஜெயிச்சிருக்காங்களா?” என்ற கேள்வியில் வந்து நின்றது. ஒருவர் நரேன் கார்த்திகேயன் பெயரைச் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர், 2005இல் ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர், மறுக்கவில்லை. ஆனால் அது கார். மோட்டார் சைக்கிளில் யார்? எங்கள் யாருக்கும் விடை தெரியவில்லை. விடுதிக்குத் திரும்பியதும் தேடினேன். கிடைத்த பெயர் ஐஸ்வர்யா பிஸ்ஸே. ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2019 ஆகஸ்டில், 23 வயதில் உலகக் கிண்ணம் வென்றவர். மோட்டார் விளையாட்டில் உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் என்று அப்போது செய்தித்தாள்கள் எழுதின. மார்க்கெஸின் ஒன்பது பட்டங்களையும் ஆண்டு வாரியாக ஒப்புவிக்கும் எங்களுக்கு இவருடைய ஒரே பட்டம் தெரியாமல் போனதை எண்ணி வெட்கப்பட்டேன். இக்கட்டுரை அதனால்தான்.

ஐஸ்வர்யா பெங்களூரைச் சேர்ந்தவர். தமிழர் என்று நாம் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால் அவர் ஓட்டிய அணி டிவிஎஸ் ரேசிங். மதுரையில் 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழிலின் வழிவந்த நிறுவனத்தின் அணி அது. வண்டிகளை உருவாக்கும் ஆலை இருப்பது ஓசூரில். அந்த அளவுக்குச் சொந்தம் கொண்டாடிக்கொள்ளலாம் அல்லவா?

அவர் வென்ற போட்டியின் பெயர் ‘எஃப்ஐஎம் பாஹா உலகக் கிண்ணம்’. மோட்டோ ஜிபி பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரிய நேரமாகும். இதில் வட்டத் தடம் கிடையாது, தார்ச்சாலையில் முழங்கால் உரசும் வளைவுகளும் கிடையாது. மெக்சிகோவில் பாஹா கலிஃபோர்னியா என்றொரு தீபகற்பம் இருக்கிறது. அங்கே 1967இல் தொடங்கிய பாலைவனப் பந்தயங்களிலிருந்து வந்த பெயர் இது. மணல், சரளை, காட்டுப் பாதை என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை ஓரிரு நாட்களில் கடக்க வேண்டும். புகழ்பெற்ற டக்கார் பந்தயம் இரண்டு வாரம் நீளும் என்றால், பாஹாவை அதன் சுருக்கப் பதிப்பு எனலாம். வீரர்கள் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுப் புறப்படுவார்கள். நேரம் கணக்கிடப்படும் கட்டங்களும் உண்டு. அவற்றை இணைக்கும் சாதாரணச் சாலைகளும் உண்டு. அச்சாலைகளில் பந்தய வீரரும் நம்மைப் போலப் போக்குவரத்து விதிகளை மதித்துத்தான் ஓட்ட வேண்டும்.

என்னை மிகவும் கவர்ந்தது ‘ரோட் புக்’ எனப்படும் வழிக்குறிப்பு. இவ்வகைப் பந்தயங்களில் கைப்பிடிக்கு மேல் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதற்குள் ஒரு காகிதச் சுருள். ஒவ்வொரு வரியிலும் எத்தனையாவது கிலோமீட்டர் என்ற எண், அங்கே பாதை எப்படிப் பிரிகிறது என்பதற்கு ஒரு கோட்டுப்படம், பக்கத்தில் எச்சரிக்கைக் குறி. ஓர் ஆச்சரியக்குறி இருந்தால் கவனம். மூன்று இருந்தால் பேராபத்து. வீரர் கால்தாங்கியில் எழுந்து நின்றபடி ஓட்டிக்கொண்டே, இடக்கை விரலால் பொத்தானை அழுத்திச் சுருளை நகர்த்த வேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் கருவியோடு ஒப்பிட வேண்டும். முன்னால் இருக்கும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும். ஒரு வரியைத் தவறவிட்டால் வழி தவறிவிடும். வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் இதில் வெல்வதில்லை என்பதற்கு இதுவே காரணம்.

2018இல் ஐஸ்வர்யா முதல் முறையாக அனைத்துலகப் பருவத்தில் இறங்கினார். ஸ்பெயினின் அராகோன் வட்டாரத்தில் நடந்த பாஹாவில் கடுமையாக விழுந்தார். கணையம் பாதிக்கப்பட்டது. இனி ஓட்ட முடியுமா என்ற ஐயம் எழும் அளவுக்குக் காயம்.

அதே 2018இல்தான், ஒரு மழை நாளில், வேலை முடிந்து வீடு திரும்பிய அப்பா ஜோகூரில் வழுக்கி விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். அந்த இரண்டு மாதச் செலவைச் சமாளிக்க அம்மா என்னென்ன செய்தார் என்பது எனக்கு இப்போதுதான் முழுமையாகப் புரிகிறது. மூன்றாம் மாதம் அப்பா மறுபடியும் நான்கரை மணிக்கு வண்டியை எடுத்தார். விழுந்த இடத்தைக் கடக்கும்போது முதல் வாரம் முழுவதும் கை நடுங்கியதாகப் பல ஆண்டுகள் கழித்துத்தான் சொன்னார். வேறு வழியில்லை, அதே சாலையில்தான் போக வேண்டும். அதனால்தான் ஐஸ்வர்யாவின் 2019 முடிவுகளைப் பார்த்தபோது, முதலிடத்தைவிட வேறொரு வரியில் என் கண் நிலைத்தது.

முடிவுகள் இவை. துபாயில் பெண்கள் பிரிவில் முதலிடம். போர்ச்சுகலில் மூன்றாமிடம். ஸ்பெயினில் ஐந்தாமிடம். கடைசியாக ஹங்கேரியின் வார்பலோட்டாவில் நான்காமிடம். நான்கு சுற்றுகளில் ஒன்றில் மட்டும்தான் வெற்றி. பிறகு எப்படிக் கிண்ணம் கிடைத்தது? புள்ளிக் கணக்கில்தான் விஷயம் இருக்கிறது. முதலிடத்துக்கு 25, மூன்றாமிடத்துக்கு 16, நான்காமிடத்துக்கு 13, ஐந்தாமிடத்துக்கு 11. கூட்டிப் பாருங்கள்: 65. அவருக்கு அடுத்து வந்த போர்ச்சுகல் வீராங்கனை ரீட்டா வியேராவுக்கு 61. இடைவெளி நான்கே புள்ளிகள்.

இப்போது ஸ்பெயினின் 11 புள்ளிகளை மட்டும் எடுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 54. கிண்ணம் போய்விட்டது! ஓராண்டுக்கு முன் தம்மை மருத்துவமனைக்கு அனுப்பிய அதே ஸ்பெயின் பந்தயத்துக்குத் திரும்பிப் போய், யாரும் கைதட்டாத ஐந்தாமிடத்தில் ஓட்டி முடித்தாரே, அதுதான் உலகக் கிண்ணத்தைத் தந்தது. துபாய் வெற்றியின் படங்கள்தாம் எங்கும் கிடைக்கின்றன. எனக்கு ஸ்பெயினில் அவர் வண்டியை நிறுத்தி இறங்கும் படம் ஒன்று வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறேன். இளையோர் பிரிவிலும் அவ்வாண்டு ஆண்களோடு போட்டியிட்டு இரண்டாமிடம் பெற்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அடுத்த வாரம் நண்பர்களிடம் சொன்னபோது, ஒருவன் உதட்டைப் பிதுக்கினான். “அது உலகக் கிண்ணம், உலக வெற்றியாளர் பட்டம் இல்லை, அதுவும் பெண்கள் பிரிவு, எத்தனை பேர் ஓட்டியிருப்பார்கள்?” என்றான். அவன் சொன்னதில் பாதி சரி. உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் சில போட்டிகளுக்கு வெற்றியாளர் பட்டமும் சிலவற்றுக்குக் கிண்ணமும் தருகிறது, இரண்டும் ஒன்றல்ல. மார்க்கெஸோடு ஒப்பிடும் அளவுக்குப் பணமும் பார்வையாளர்களும் பாஹாவுக்குக் கிடையாது. பெண்கள் எண்ணிக்கை குறைவுதான். ஆனால் பெண்களுக்கென்று பள்ளங்களை யாரும் மண் போட்டு நிரப்பி வைப்பதில்லை. ஆண்கள் ஓட்டும் அதே பாதை, அதே மணல். எண்ணிக்கை ஏன் குறைவு என்று கேட்டால், அதற்கு அவனிடம் பதில் இல்லை. என்னிடம் இருக்கிறது, எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. “ஆம்பளைங்களே விழுந்து எழும்புறாங்க, உனக்கு எதுக்கும்மா மோட்டார்?” இது அம்மா நான் பதினாறு வயதில் கேட்டபோது சொன்னது. 2018ஐப் பார்த்தவர் அப்படிச் சொன்னதில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் தம்பிக்குப் பதினாறு வயதானபோது அந்தக் கேள்வி எழவே இல்லை.

சென்ற விடுமுறையில் அப்பாவிடம் இந்த 65 புள்ளிக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். மார்க்கெஸ் பெயரைக் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகிறவர், இதை இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். பிறகு வண்டிச் சாவியை எடுத்துத் தந்து, வீட்டுக்குப் பின்னால் உள்ள காலியிடத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். அடுத்த விடுமுறையில் பி2 உரிமத்துக்குப் பதிவு செய்யப் பணமும் தந்துவிட்டார். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இந்த மலர் வீட்டுக்கு வந்ததும் முதலில் படிக்கப்போகிறவர் அவர்தான்.