ஆட்டத்துக்கு அடியில் ஓடுவது

"மாமா, எதிராளி முன்னுக்கு வந்து நிற்கக்குள்ளதான் ஸ்டக் ஆகுது. திரும்பி அசையக்குள்ள நான் செத்துக் கிடப்பன்."

மட்டக்களப்புக் கல்லடியில் அக்காவின் மகன் இப்படிச் சொன்னபோது அவன் மனதில் இருந்தது புதிய கிராபிக்ஸ் கார்ட். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவை ஒட்டியிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அதற்குப் பிறகு கணினிச் சாமான் வாங்குவது எங்கள் வீடுகளில் சீட்டுப் பிடித்துச் செய்யும் காரியமாகிவிட்டது. அவனிடம் இருப்பது அலுவலகமொன்று கழித்துவிட்ட இரண்டாம் கை இயந்திரம். 4 ஜிபி ரேம், சுழலும் ஹாட் டிஸ்க், தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லை. வாவிக்கரையில் நான் பார்த்த பல பிள்ளைகளின் மேசையிலும் இதே மாதிரியான பெட்டிதான் இருக்கிறது.

புதிய கார்ட் வாங்காமல், பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்தினால் ஆட்டம் வேகமாகுமா என்று கேட்டால், இந்தப் பெட்டிகளில் ஆகும். 16 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டியும் உள்ள கணினியில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிவது அரிது.

காரணத்தை விளங்கிக்கொள்வது முக்கியம். திரை விநாடிக்கு 60 படங்கள் காட்டினால், ஒரு படத்தைத் தயாரிக்கக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. ரேமில் இருக்கும் தகவலை எடுக்க விநாடியின் கோடியில் ஒரு பங்கு போதும். ரேம் நிறைந்துவிட்டால் விண்டோஸ் அதில் ஒரு பகுதியை ஹாட் டிஸ்க்குக்குத் தள்ளிவிடும். அங்கிருந்து அதைத் திருப்பி எடுக்க 10 மில்லிவிநாடி அளவில் பிடிக்கும், அதாவது லட்சம் மடங்கு அதிகம். அப்படி இரண்டு தடவை எடுக்கப் போனாலே ஒரு படம் தவறிவிடும். நாலைந்து படம் தொடர்ந்து தவறும் அந்தக் கணத்தைத்தான் பிள்ளை 'ஸ்டக்' என்கிறான். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத பெட்டியில் படம் வரைவதற்கான இடமும் இதே ரேமிலிருந்துதான் போகிறது.

கல்லடிப் பாலத்தடியில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். மேலே நீர் அசையாமல் கிடக்கும்; ஒலி துடுப்பு வழியே ஏறிவரும். கணினிக்கு அந்தத் துடுப்பு டாஸ்க் மெனேஜர். கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். கேம் எதையும் தொடாமல் அதைத் திறந்து பார்த்தோம். ரேமில் முக்கால்வாசி அப்போதே போயிருந்தது.

மூடிவிட்டதாக அவன் நினைத்த குரோம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. ஒன்லைன் வகுப்புக் காலத்தில் போட்ட வீடியோ அழைப்புச் செயலி, வன்ட்ரைவ், இரண்டு கேம் லோஞ்சர்கள், வீட்டில் இல்லாத பிரிண்டருக்கான உதவியாளர் எல்லாம் இருந்தன. ஸ்டார்ட்டப் பகுதிக்குப் போய் ஒவ்வொன்றையும் 'டிசேபிள்' செய்தோம். இதனால் எதுவும் அழிவதில்லை, தேவையானபோது திறந்துகொள்ளலாம். குரோமின் சிஸ்டம் அமைப்பில், மூடிய பிறகும் பின்னணியில் இயங்க விடும் தெரிவு ஒன்று உண்டு, அதையும் அணைத்தோம். எக்ஸ்பொக்ஸ் கேம் பாரில் ஆட்டத்தைப் பின்னணியில் பதிவுசெய்யும் வசதி திறந்திருந்தது. அவனுக்கு அது தேவையில்லை.

அடுத்த காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் பிடித்தது. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் நின்றது. வேலை முடிந்த உடனே சுவிட்சை நிறுத்தும் பழக்கம் அக்கா வீட்டில் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை. விண்டோஸோ தன் பராமரிப்பு வேலைகளுக்கு வழமையாக வைத்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் இந்தக் கணினி ஒருநாளும் விழித்திருந்ததில்லை. ஆகவே அப்டேட் இறக்குவது, கோப்புகளை அட்டவணைப்படுத்துவது, வைரஸ் தேடுவது எல்லாம் குவிந்து கிடந்து, அவன் மாலையில் போட்டதும் ஒன்றாகத் தொடங்கின. ஹாட் டிஸ்க் 100 வீதத்தில் நின்றது. இதற்கு மருந்து எதையும் நிறுத்துவதல்ல. ஞாயிறு காலையில் கணினியைப் போட்டு, ஒரு மணிநேரம் தொடாமல் விட்டோம். அந்த வாரம் ஆட்டம் மாறியது அவன் முகத்திலேயே தெரிந்தது. 4ஜி ரவுட்டரில் டேட்டா அளந்து பாவிக்கும் வீடுகள் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' என்று குறித்துவைத்தால், பெரும்பாலான அப்டேட்கள் ஆட்டத்தின் நடுவில் இறங்கிப் பிங்கைக் கெடுக்காது.

விண்டோஸின் சேர்விஸ் பட்டியலில் கைவைப்பது வேறு கதை. வீடியோ ஒன்றைப் பார்த்து, அதில் சொன்ன இருபதையும் நிறுத்திய ஒரு மாணவனின் மடிக்கணினியை நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தியவற்றுள் 'டபிள்யூலேன் ஓட்டோகொன்பிக்' ஒன்று. வைஃபை காணாமல் போய்விட்டது. வைஃபை கார்ட் பழுது என்று எண்ணி அதை மாற்றும் முடிவுக்கே வந்திருந்தான். வெலோரண்ட் விளையாடுகிறவர்கள் அதன் வான்கார்ட் காவல் மென்பொருளை நிறுத்தினால், மறுபடி இயக்கிக் கணினியை மீள ஆரம்பிக்கும் வரை ஆட்டமே திறக்காது. பெயர் விளங்காத எதையும் தொடாதீர்கள் என்று நான் பிள்ளைகளைக் கெஞ்சிக் கேட்பேன்.

'பூஸ்டர்' என்ற பெயரில் வரும் செயலிகள் பல ரேமைக் காலியாக்குவதாகக் காட்டும். அவை வெளியே தள்ளியதை விண்டோஸ் மறுகணமே திரும்ப எடுத்துவர வேண்டியிருக்கும். அந்தச் செயலியும் பின்னணியில் ஓடும் இன்னொரு சுமைதான்.

எனக்கு உண்மையில் பயம் தருவது விண்டோஸின் வைரஸ் காவலான டிபெண்டரை அணைக்கும் பழக்கம். கிரெக் செய்த கேமைப் போடும்போது பலர் முதலில் செய்வது இதுதான். 2021 ஜூனில் அவாஸ்ட் நிறுவனம் 'கிரக்கோனொஷ்' என்ற தீநிரலை வெளிப்படுத்தியது. ஜிடிஏ 5 உட்பட, கிரெக் செய்த கேம்களுக்குள் அது ஒளிந்திருந்தது. 222,000க்கு மேற்பட்ட கணினிகளில் புகுந்து, விண்டோஸ் அப்டேட்டையும் டிபெண்டரையும் முடக்கிவிட்டு, உரிமையாளருக்குத் தெரியாமல் மொனேரோ நாணயம் தோண்டியது. சம்பாதித்தது 20 லட்சம் டொலருக்கு மேல். ஸ்டக் ஆகிறது என்று பிள்ளை சின்னச் சின்னச் செயலிகளை நிறுத்திக்கொண்டிருப்பான். புரொசசரைத் தின்பது அவனே கொண்டுவந்து போட்ட கேமாக இருக்கும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெல் 8ஆம் தலைமுறை புரொசசர். அதற்கு முந்திய பெட்டிகளே நிறைந்த எங்கள் ஊரில் டிபெண்டரையும் இழக்கக்கூடாது.

அக்கா மகனின் மேசையில் இப்போது ஒரு கொப்பி கிடக்கிறது. எதை நிறுத்தினான், எந்தத் திகதியில், ஆட்டம் எப்படி இருந்தது என்று மூன்று நிரல். ஒருநாளில் ஒன்றுக்கு மேல் மாற்றுவதில்லை. போன கிழமை நான் பார்த்தபோது, விண்டோஸ் சேர்விஸ் ஒன்றைப் பற்றிய கடைசி வரி இப்படி இருந்தது: "சிஸ்மெயின். நிப்பாட்டினது. கேம் திறக்க முந்தியவிடக் கூட நேரம் எடுக்குது. திருப்பிப் போட்டாச்சு."