ஓடும்போது மயங்கும் பிள்ளை

பள்ளி விளையாட்டு விழாவில் நூறு மீட்டர் ஓட்டம். பாதித் தூரத்தில் ஒரு பையன் சுருண்டு விழுகிறான். கை கால் வெட்டி இழுக்கிறது. யாரோ ஓடிவந்து சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். சற்று நேரத்தில் கண் விழித்துவிடுகிறான். மருத்துவமனையில் தலை ஸ்கேன், இ.இ.ஜி., இ.சி.ஜி. எல்லாம் எடுக்கிறார்கள், எதிலும் கோளாறு இல்லை. வலிப்பு என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். அடுத்த வருடம் கபடி ஆடும்போது மறுபடி விழுகிறான். மாத்திரையின் அளவு கூடுகிறது.

இப்படிப்பட்ட இடங்களில் பலரும் கேட்கத் தவறுகிற கேள்வி ஒன்று உண்டு: விழுவதற்கு முன் பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தான்? வலிப்பு நோய் தூக்கத்திலும் வரும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரும். ஓடும்போதோ, நீந்தும்போதோ, பயத்திலும் கோபத்திலும் படபடக்கும்போதோ மட்டும் ஒரு பிள்ளை விழுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதயத்தை. துடிப்பு தாறுமாறாகி மூளைக்கு ரத்தம் போகாமல் நின்றாலும் கை கால் இழுக்கத்தான் செய்யும்.

ஓட்டத்திலும் படபடப்பிலும் இதயத் துடிப்பு இப்படித் தாறுமாறாகும் ஒரு நோயை இதய மருத்துவர்கள் சுருக்கமாக சி.பி.வி.டி. என்பார்கள். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்பது மதிப்பீடு. இதில் ஒரு வகைக்குக் காரணம் சி.ஏ.எஸ்.க்யூ.2 என்ற மரபணுவில் நேரும் பிழை. ஒன்றாவது குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணு, கால்செக்வெஸ்ட்ரின் என்ற புரதத்தைச் செய்யச் சொல்கிறது. இதயத் தசை செல்லுக்குள் கால்சியத்தைச் சேர்த்துவைக்கும் பை போன்ற அறைகள் உண்டு. அங்கே கால்சியத்தைப் பிடித்துவைப்பது இந்தப் புரதத்தின் வேலை. ஒவ்வொரு துடிப்புக்கும் கால்சியம் வெளியே வரும், தசை சுருங்கும்; கால்சியம் உள்ளே திரும்பும், தசை தளரும். புரதம் பழுதானால், அட்ரினலின் ஏறும் நேரத்தில் கால்சியம் முறை தவறிக் கசிகிறது. அந்தக் கசிவு கள்ளத் துடிப்புகளைக் கிளப்பிவிடுகிறது. படுக்கவைத்து இ.சி.ஜி. எடுக்கும்போது அட்ரினலின் அடங்கியிருக்கும், ஆகவே கோடுகள் ஒழுங்காகவே விழும். எக்கோவிலும் இதயம் நன்றாகத் தெரியும். 'எல்லாம் நார்மல்' என்ற வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போகக் கூடாத நோய் இது.

இந்த மரபணுவின் பங்கு 2001-இல் தெரியவந்தது. இஸ்ரேலின் வடபகுதியில், சொந்தத்துக்குள்ளேயே மணமுடித்துவந்த ஒரு பெதுயின் குலத்தின் ஏழு குடும்பங்களை ஆராய்ந்தார்கள். அங்கே ஒன்பது குழந்தைகள் சிறுவயதிலேயே திடீரென இறந்திருந்தார்கள்; இன்னும் பலர் அடிக்கடி மயங்கி விழுந்துகொண்டிருந்தார்கள். புரதச் சங்கிலியின் 307-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது.

பெதுயின் குலத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இந்த வகை பெரும்பாலும், தாயிடமிருந்து ஒன்று தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதுப் பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும். ஒன்று மட்டும் உள்ளவர்கள் பொதுவாக நலமாகவே இருப்பார்கள். சொந்தத்தில் மணந்தால் ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் மாமன், அத்தை மகன் என்று உறவில் மணந்தவர்கள். அதற்காக அத்தனை பேரும் அஞ்ச வேண்டியதில்லை, நோய் அரிதுதான். ஆனால் பிள்ளை போய்விட்டால் 'மருமகள் வந்த ராசி' என்று பேசும் வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இதில் தகப்பனின் பங்கும் சரிபாதி.

தாயைப் பழிப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் காத்லீன் ஃபோல்பிக் வழக்கு சாட்சி. தன் நான்கு குழந்தைகளின் மரணத்துக்குக் காரணம் என்று 2003-இல் தண்டிக்கப்பட்டார். பிறகு அவருடைய இரண்டு மகள்களிடமும் கால்மோடுலின் என்ற வேறொரு கால்சியப் புரதத்தின் மரபணுவில், இதயத் துடிப்பைக் கெடுக்கக்கூடிய மாற்றம் இருப்பது தெரிந்தது. 2023 ஜூனில் மன்னிப்பு, டிசம்பரில் விடுதலைத் தீர்ப்பு. நடுவில் இருபது வருடச் சிறை.

சந்தேகம் வந்தால் இதய மருத்துவரிடம் ட்ரெட்மில் சோதனை செய்ய வேண்டுமா என்று நேராகவே கேளுங்கள். ஓடும் பெல்ட்டில் துடிப்பு கூடக் கூட நோய் முகம் காட்டும். ஓட முடியாத சின்னப் பிள்ளைக்கு 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி உதவும். ட்ரெட்மில் என்பது மருத்துவர் கண்ணெதிரில், எல்லா ஏற்பாட்டோடும் செய்யும் சோதனை. வீட்டில் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். நோய் உறுதியானால் முதல் மருந்து ப்ராப்ரனலால், நாடலால் போன்ற பீட்டா பிளாக்கர். போதாதவர்களுக்கு ஃப்ளெகனைடு சேர்ப்பார்கள். பலருக்கு வாழ்நாள் மாத்திரைதான், ஆனால் அதைத் தவறவிடுவதே பெரிய ஆபத்து. ஊருக்குப் போகும் பையில் துணிக்கு முன் மாத்திரை போக வேண்டும். பி.டி. ஆசிரியருக்கும் தலைமையாசிரியருக்கும் மருத்துவர் கடிதத்தின் நகல் கொடுத்துவையுங்கள். விழுந்த பிள்ளைக்கு மூச்சு இல்லையென்றால் 108-க்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். சாவிக்கொத்து வலிப்புக்கும் உதவாது, இதற்கும் உதவாது.

மரபணுச் சோதனை ரத்தத்திலேயே முடிந்துவிடும். பெற்றோர் இருவரும் ஒரு பழுதுப் பிரதி வைத்திருந்தால், கூடப்பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அவர்களையும் சோதிக்க வேண்டும். முடிவுத்தாளில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்' என்று வந்தால் அது நோய் என்றும் இல்லை, நோயில்லை என்றும் இல்லை. அதை வைத்துக் கல்யாணத்தை நிறுத்தவோ மாத்திரையை நிறுத்தவோ கூடாது. மரபணு ஆலோசகரிடம் போக வேண்டும்.

மேற்கொண்டு எங்கே போனாலும் பழைய ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். உள்நோயாளியாக இருந்தவர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. ட்ரெட்மில் பதிவின் தாளையே வாங்குங்கள், சுருக்கக் குறிப்பு போதாது.

காப்பீட்டில் 'மரபணு நோய்க்குப் பணம் கிடையாது' என்று மொத்தமாக ஒதுக்குவது அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவுக்கு எதிரானது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அதுவும் ஓர் இதய நோயாளியின் வழக்குதான். அடுத்த மாதமே, அந்தக் காரணத்தைச் சொல்லிக் கோரிக்கைகளை மறுக்காதீர்கள் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுவனங்களுக்குச் சொன்னது. ஆனால் தெரிந்த நோயை மறைத்துப் பாலிசி எடுப்பவருக்கு இந்தத் தீர்ப்பு கவசமாகாது. படிவத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள். காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலும், பதில் திருப்தியில்லாவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஒரு வருடத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும்.