காபிக் கடையைத் திருப்பி அனுப்பிய ஊர்

இங்கிலாந்தின் தென்மேற்கில், டார்ட் ஆற்றங்கரையில் இருக்கும் டாட்னெஸ் சின்ன ஊர். மக்கள்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. ஆற்றுப் பக்கத்திலிருந்து கிளம்பும் கடைவீதி மேடேறி, கிழக்கு வாசல் வளைவுக்கு அடியில் நுழைந்து, கோட்டைப் பக்கம் போகிறது. வளைவுக்குக் கீழே ஃபோர் ஸ்ட்ரீட், மேலே ஹை ஸ்ட்ரீட். பிரிட்டனில் ஊரின் முக்கியக் கடைத்தெருவுக்குத்தான் ஹை ஸ்ட்ரீட் என்று பெயர். இங்கே ஏறுகிறவருக்கு மூச்சும் வாங்கும்.

இந்தத் தெருவில் கடை போட 2012-ல், பல ஊர்களில் கிளைகள் உள்ள கோஸ்டா காபி நிறுவனம் வந்தது. ஊரில் அப்போதே 40-க்கும் மேற்பட்ட இடங்களில் காபி கிடைத்தது. எல்லாம் உள்ளூர்க்காரர்கள் நடத்தியவை. எதிர்ப்பு மனுவில் 5,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். உள்ளாட்சி மன்றம் அதையும் மீறி அனுமதி கொடுத்தது. ஆனாலும் அக்டோபரில் நிறுவனமே பின்வாங்கிவிட்டது.

ஒரு காபிக்கா இத்தனை ரகளை என்று தோன்றலாம். ரகளை வாடகைக்காக. பெரிய நிறுவனம் ஒரு கிளையில் வரும் நஷ்டத்தை மற்ற கிளைகளில் ஈடுகட்டிக்கொண்டு அதிக வாடகை கொடுக்கும். அடுத்த முறை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பக்கத்துக் கட்டிடக்காரரும் அதே தொகையைக் கேட்பார். பிறகு தலைமையகத்துக்குக் கணக்கு ஒத்துவரவில்லை என்றால் ஒரே நாளில் ஷட்டர் விழும். உல்வொர்த்ஸ் என்ற கடைச்சங்கிலி 2009 ஜனவரிக்குள் தன் சுமார் 800 கடைகளையும் மூடியபோது பல ஊர்களில் கடைவீதியின் நடுவிலேயே ஓட்டை விழுந்தது.

டாட்னெஸ்காரர்கள் கோஸ்டா வருவதற்கு முன்பே, 2007-ல், சொந்தமாக நோட்டே அச்சடித்தவர்கள். ஒரு டாட்னெஸ் பவுண்டு ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமமாக இருந்தது. திட்டத்தில் சேர்ந்த உள்ளூர்க் கடைகளில் மட்டும் செல்லுபடியானது. காசு ஊருக்குள்ளேயே சுற்றட்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் கல்லாவில் சேரும் அந்த நோட்டைக் கடைக்காரர் என்ன செய்வார்? வெளியூர் மொத்த வியாபாரிக்கு அது வெறும் காகிதம். மக்களும் அட்டையைத் தட்டிப் பணம் கட்டப் பழகிவிட, 2019-ல் நோட்டு நின்றுபோனது.

எனக்கு இதில் மனுவைவிட நோட்டின் கதைதான் முக்கியமாகப் படுகிறது. கையெழுத்து ஒருமுறை போட்டால் போதும். சோப்பும் ரொட்டியும் வாரம் தவறாமல் அந்த மேட்டில் ஏறித்தான் வாங்க வேண்டும்.

கடைவீதிகள் திணறுவதில் அரசின் பங்கும் இருக்கிறது. அங்கே வசூலிக்கும் 'பிசினஸ் ரேட்ஸ்' வரி, கடையின் லாபத்தைப் பார்ப்பதில்லை. கட்டிடம் என்ன வாடகைக்குப் போகும் என்று பார்க்கிறது. ரொம்பச் சின்னக் கடைகளுக்குச் சலுகை உண்டு. அதைத் தாண்டிய கடைக்காரர் விற்பனை படுத்த மாதத்திலும் கட்டியாக வேண்டும். ஆன்லைன் வியாபாரியின் கிடங்கோ ஊருக்கு வெளியே, விலை குறைந்த நிலத்தில் இருக்கிறது.